பின் அறையில் முருகன்

கொட்டாஞ்சேனை
2025 பெப்ரவரி 8

அன்புள்ள மகள் கொன்ஸ்ரன்ஸ்,

நானும் என் முழங்காலும் சுகம். முழங்கால் சற்றுக் குறைவாக. போனில் டைப் அடிக்கப் பெருவிரல் வளையவில்லை. அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

வீட்டை விற்கவென்று நாம் எழும்பச் சொன்ன, பின் அறையில் வாடகைக்கு இருந்த விசாலி குடும்பம் கல்கிசைக்குப் போய்விட்டது. அவர்களுடைய முருகன் படமும் விளக்கும் பின் அறையிலேயே இருக்கின்றன. வாங்கப்போகிற மக்கீனோ வெறும் வீடாக வேண்டும் என்கிறார். எட்டாம் வகுப்போடு நின்ற, மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன் நான், முருகனைத் தூக்கி எங்கே வைக்க? மனம் கேளாமல் வெள்ளிக்கிழமை விளக்கையும் கொளுத்திவிட்டேன். ஃபாதரிடம் சொன்னேன். சிரித்தார். இது முடியாமல் உன்னிடம் புறப்பட வழியில்லை.

அன்பு அப்பா
றேமண்ட்

மெல்பேர்ன்
பெப்ரவரி 15

அன்பு அப்பா,

மே மாதம் பிள்ளை பிறந்துவிடும். அம்மாதான் இல்லை, நீங்களாவது பக்கத்தில் இருக்க வேண்டும். படத்தைக் கோயிலில் கொடுங்கள். டிக்கெட் போடத் தேதி சொல்லுங்கள்.

கொன்னி

கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 24

அன்புள்ள மகள்,

படத்தோடு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். சாமிக்கு டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டர் தம்பி சிங்களத்தில் பகிடி விட்டான். கோயில் மரத்தடியில் வீடு மாறியவர்கள் விட்ட படங்கள் மழையில் ஊறிக் கிடக்கின்றன. அங்கே விட மனம் வரவில்லை. மடியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினேன். விசாலியும் போனில் அகப்படுகிறாள் இல்லை. நான் என்ன செய்ய? அம்மா நட்ட கறிவேப்பிலை கூரையைத் தொட்டுவிட்டது.

அப்பா

மெல்பேர்ன்
மார்ச் 5

அப்பா,

விசாலிக்கு நானே போனில் கோல் எடுத்தேன். "அங்கிள்தான் அக்கா, 'படம் இருக்கட்டும், அவசரமில்லை, ஆறுதலா வந்து எடு பிள்ளை' எண்டவர்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

எனக்குக் கோபமில்லை. வர விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். முருகனை இழுக்காதீர்கள்.

கொன்னி

கொட்டாஞ்சேனை
மார்ச் 10

அன்புள்ள மகள்,

விசாலி நேற்று வந்தாள். படத்தைத் துவாயில் சுற்றினாள். விளக்கையாவது விட்டுவிட்டுப் போ என்று கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்கு மாதா இருக்கிறாதானே அங்கிள்" என்றாள்.

மாதாவை உன்னிடம் கொண்டுவரவென்று போன மாதமே பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறது, கொளுத்த ஒன்றுமில்லை.

டிக்கெட்டைப் போடு. மக்கீன் கேட்ட வெறும் வீட்டில் மிச்சம் கிடக்கிற சாமான் நான்தான். மருமகனை எயார்போட்டுக்கு அனுப்பி எடுத்துக்கொள்.

அப்பா