தொட்டிக்குள் வைத்த தடுப்பு

தண்டர் பே,
ஏப்ரல் 26

அன்புள்ள ஜோசலினுக்கு,

நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரியில் பனி இன்னும் முழுதாக உடையவில்லை. என் முழங்கால் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் கல்லேயின் மீன் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். இன்னும் கொடுக்கவில்லை. மன்னித்துக்கொள். காரணத்தைச் சொல்கிறேன்.

என் பிள்ளையை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அந்த இரண்டு கோமாளி மீன்களையும் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். இந்த மாதத் தொடக்கத்தில் பெரியது சின்னதைத் துரத்தியது. சின்னது உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு இரண்டும் கவிழ்த்து வைத்த மண்சட்டியை வாயால் கடித்துக்கொண்டே இருந்தன. என் விரலையும் கடித்தன. பெரியது சின்னதைக் கொன்றுவிடும் என்று பயந்து நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்தேன். ஒன்பது நாள். சின்னது சரியாகச் சாப்பிடாமல் தடுப்போரமாகவே நின்றது.

தொட்டியை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க மீன் கடை ட்ரூடியிடம் போனபோது இதையும் சொன்னேன். அவள் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "என்ன வாத்தியாரே, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுல சுவரா வச்சீங்க? சின்னதுதான் ஆம்பளை. அது நடுங்கலை, 'நீ சொன்னாச் சரி தாயே'ங்குது. சட்டியைக் கடிக்கிறது முட்டை வைக்க இடம் சுத்தம் பண்ண. உங்க வீட்டுல புருஷன் பெண்டாட்டி யாரையும் நீங்க பார்த்ததே இல்லையா? போய் மொதல்ல அந்தச் சுவரை எடுங்க!" என்றாள்.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் காரில் ஏறி வெகுநேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் நீயும் கல்லேயும் அடுக்களையில் கத்தியதை மாடியிலிருந்து கேட்டேன். ஏதோ தட்டு உடைந்தது. மறுநாள் நான்தான் உன்னைக் கொஞ்ச நாள் சட்பரியில் அக்காவோடு இருந்துவிட்டு வரச் சொன்னேன். பஸ் டிக்கெட்டையும் நானே வாங்கினேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், டிக்கெட்டை வாங்கிக்கொண்டாய். கல்லே மட்டும், "ஏம்ப்பா அவளை அனுப்புனீங்க?" என்றான். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றேன். பன்னிரண்டாம் நாள் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். நீ வந்து பார்த்தது சவப்பெட்டியைத்தான்.

ட்ரூடி சொன்ன அன்றே தடுப்பை எடுத்துவிட்டேன். நாலாம் நாள் சட்டியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். இரண்டு தடவை எண்ணினேன், வேறு வேறு எண்ணிக்கை வந்தது. சின்னது இடத்தை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறது. முதல் முட்டைகள் பெரும்பாலும் பிழைக்காதாம். ஆனாலும் பொரியும்வரை தொட்டியை நகர்த்தக் கூடாது என்கிறாள் ட்ரூடி. அதன் பிறகு நீ சொன்னபடியே செய்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று அடுக்களையில் நடந்தது சண்டைதானா? ஆம் என்றால் ஆம் என்று எழுது. இல்லை என்றாலும் எழுது. எனக்காக மாற்றிச் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு. நெடுநாள் நன்றாக இரு, அம்மா.

இன்னும் இப்படிக் கையெழுத்திடலாம் என்ற நம்பிக்கையில்,
உன் மாமனார்,
ஆர்வோ