கூடைக்குள் வந்த சூடு

கொல்லிமலை,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா குழந்தைவேலு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கச்சியும் மூன்று வேளை சாப்பிட்டு, காலையில் எழுந்து வேலை பார்க்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் அறப்பளீஸ்வரரை நினைத்துக்கொள்கிறேன். மிளகு பறிப்பு முடிந்துவிட்டது, இந்த வருஷம் கொடியில் நல்ல காய்ப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனாலும் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நானே போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள், பஸ்ஸில் அத்தனை வளைவும் இறங்கி ஏறினால் வலி திரும்ப வரும் என்று சொன்னால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல். போனில் சொல்லக்கூடாதா, இந்த மனுசன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று அவளே கேட்டாள். தங்கச்சி சுசித்ரா எப்படி இருக்கிறாள் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் இருக்கிறாள் கண்ணு என்று மட்டும்தான் சொல்லி வந்தேன், அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஐப்பசியில் நடந்தது உனக்குத் தெரியும். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு அவளை மலைக்குக் கூட்டிவந்தோம். வந்த நாளிலிருந்து உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அம்மா ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள், தலை வாரிவிட்டால் உட்காருவாள். அழவே இல்லை, அதுதான் எங்களுக்குப் பயம். உன் தங்கச்சி மாப்பிள்ளை சுதாகர் சேந்தமங்கலத்தில் கட்டட வேலை முடித்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார், வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், அம்மா கொடுக்கிற காப்பியைக் குடிப்பார், சாத்தியிருக்கிற கதவைப் பார்ப்பார், கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். வாரேனுங்க மாமா என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பேசினால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கிணற்றுப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவில் நிற்கிற கொக்கோ மரங்கள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ நர்சிங் படிக்கப் போன வருஷம் நட்டது. மரத்தண்டிலேயே பப்பாளி மாதிரி மஞ்சளாகக் காய் தொங்கும், வாங்குவதற்கு ஆள் கிடையாது, குரங்கும் அணிலும் தின்றது போக மீதி அழுகி விழும். மார்கழிக் கடைசியில் அவற்றை எடுத்துவிட்டு வாழை வைக்கலாம் என்று அரிவாளோடு போனேன். முதல் மரத்தில் ஒரு கிளையை வெட்டியிருப்பேன், பின்னாலிருந்து ஒரு குரல். "வெட்டாதீங்கப்பா, அதுல காய் இருக்குதுங்க." திரும்பிப் பார்த்தால் சுசித்ரா. காலில் செருப்பில்லை, பனியில் சேலைக் கரையெல்லாம் நனைந்திருக்கிறது. அத்தனை நாளாக அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு வரக் கேட்டதில்லை கண்ணு. அரிவாளை அப்படியே கீழே போட்டுவிட்டேன். அவள் மரத்துக்குக் கிட்டே வந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு திருகிப் பறித்தாள். கல்லில் தட்டி உடைத்தாள். உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை மூடிய விதைகள், ஒன்றை வாயில் போட்டுச் சப்பினாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். நான் நட்டு வளர்த்த மரத்தின் பழத்தை அன்றைக்குத்தான் ருசி பார்த்தேன், அவ்வளவு புளிப்பும் இனிப்பும்.

இதில் சாக்லேட் செய்யலாம்ப்பா என்றாள். சரி என்றேன், அவள் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். எப்படிச் செய்வது என்று போனில் பார்க்க வேண்டும், நம் வீட்டில்தான் சிக்னல் கிடையாதே, அதனால் நாங்கள் உன்னோடு பேசப் போகிற மேட்டுப் பாறைக்கு அவளே எழுந்து நடந்து போனாள். அம்மா பின்னாலேயே போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெயிலில் பாறை மேல் உட்கார்ந்து அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாங்கள் இரண்டு பேரும் கீழே நின்று பார்த்தோம். வந்ததும் பழுத்த காயெல்லாம் பறிக்கச் சொன்னாள். விதைகளைச் சதையோடு வழித்துப் பெரிய மூங்கில் கூடையில் வாழை இலை விரித்துக் கொட்டினாள், மேலேயும் இலையைப் போட்டு மூடிக் கல் வைத்தாள். அடுப்பங்கரையில் வேண்டாம் என்று மாட்டுக் கொட்டகை மூலையில் வைக்கச் சொன்னாள் அம்மா. இப்படியே கிடக்கட்டும், அதுவே பக்குவப்படும் என்றாள் சுசித்ரா. எனக்கு நம்பிக்கை இல்லை, அழுகிப்போகும் என்றுதான் நினைத்தேன், சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். காலையில் மலையெல்லாம் பனி, பல் கிட்டுகிற குளிர். கொட்டகையிலிருந்து அப்பா, இங்க வாங்க, இதுல கைய வெச்சுப் பாருங்க என்று கூப்பிட்டாள். போனால் மூடிய இலையை விலக்கியிருக்கிறாள், கள் வாசம் குப்பென்று வருகிறது. விதைக்குள் கையை விட்டேன். பூங்குழலி, அது சுட்டது. நெருப்பு இல்லை, வெயில் இல்லை, ஒரு தணல்கூட அந்தப் பக்கம் கிடையாது. சுற்றிலும் அவ்வளவு குளிரில் அந்தக் கூடைக்குள் மட்டும் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி அனல். இத்தனை வருஷம் மண்ணிலும் எருக்குழியிலும் புரண்டவன் நான், எருக்குழியில் ஆவி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் கையால் உடைத்துப் போட்ட காய், தின்கிற பொருள், தானாக இப்படிச் சூடேறும் என்று எனக்குத் தெரியாது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இது உள்ளே இருக்கிற உசுருங்கப்பா, கண்ணுக்குத் தெரியாத உசுரு, அதுதான் சூடு பண்ணுது என்றாள். சொல்லிக்கொண்டே தன் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விதைக்குள் விட்டாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவனும் இப்படித்தாம்ப்பா இருந்தான். என் கையில குடுத்தப்ப இதே சூடு. மூச்சுத்தான் இல்ல. சூடு இருந்துச்சுங்க. அப்பறம் துணியில சுத்தி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவன் சூடா இருந்தான்னு நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லீங்கப்பா." சொல்லி முடிக்கும் முன்னால் அழுகை வந்துவிட்டது. பால் செம்போடு வந்த அம்மா செம்பை வைத்துவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள், அழு கண்ணு, நல்லா அழு சாமி என்று அவளும் அழுதாள். மாடுகூடத் தீனி தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. நான் கூடைக்குப் பக்கத்தில் கையில் அந்த வாசத்தோடு நின்றுகொண்டே இருந்தேன். அவன் என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவர் வாயிலிருந்து வந்தது. அது வரைக்கும் நாங்கள் நடந்தது, நடந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவள் படுக்கையில் கிடக்கவில்லை. விதையைக் கிளறிவிட்டாள், சூடு அடங்கியதும் காப்பிக்கொட்டை காய வைக்கிற களத்தில் பரப்பினாள், கோழியை விரட்டிக்கொண்டு பகலெல்லாம் அங்கேயே இருந்தாள். காய்ந்ததை இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தோம், அந்த வாசம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை, ரோட்டில் போன அருள்மொழி டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னங்க செய்றீங்க என்று கேட்டார் என்றால் பார்த்துக்கொள். தோலை முறத்தில் புடைத்தாள் அம்மா. பிறகு ஆட்டுக்கல்லை வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் சூடேற வைத்து, பருப்பை அதில் போட்டு ஆட்டினோம், ஆள் மாற்றி ஆள். முதலில் தூளாகத்தான் இருந்தது. ஆட்ட ஆட்டக் களி மாதிரி திரண்டது. பிறகு, நம்பமாட்டாய், ஒரு சொட்டுத் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றவில்லை, அந்தக் காய்ந்த பருப்பு கரைந்து எண்ணெய் மாதிரி பளபளவென்று ஓட ஆரம்பித்தது. இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த சாமி என்று அம்மா கல்லைப் பார்த்தே கேட்டாள்.

இனிப்புக்குச் சர்க்கரை எடுத்து வந்தாள் அம்மா. சுசித்ரா வேண்டாம் என்றுவிட்டாள், மலைத்தேனும் பேரீச்சம்பழமும் போதும் என்றாள். கசக்குமே கண்ணு என்றதற்கு, கொஞ்சம் கசக்கட்டும்மா, எல்லாத்தையும் இனிப்பப் போட்டு மூட வேண்டாம் என்றாள். தேனை ஊற்றிய உடனே ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இறுகித் திரிதிரியாகப் போய்விட்டது, அவ்வளவு நாள் பாடும் போச்சே என்று அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் கலங்கவில்லை. கொட்டை எடுத்து இடித்த பேரீச்சையையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயையும் சேர்த்துக் கையாலேயே பிசைந்தாள், மாவு மாதிரி வழுவழுப்பாக வந்தது. வறுத்த நிலக்கடலையை நொறுக்கிச் சேர்த்தாள், நம் மிளகு ஒரு சிட்டிகை. நெய் தடவிய தட்டில் தட்டி ஜன்னலோரம் வைத்தாள், அவ்வளவுதான், அதற்கப்புறம் அடுப்புமில்லை, வேகவைப்பதுமில்லை, பிரிட்ஜும் இல்லை. மலைக்குளிரே அதைக் கெட்டிப்படுத்திவிட்டது. காலையில் கத்தியால் துண்டு போட்டாள். ஒரு துண்டை வாயில் வைத்தேன், கல் மாதிரி இருந்தது நாக்குச் சூட்டில் தானாகக் கரைந்தது. முதலில் கசப்பு, அப்புறம் தேன், கடைசியில் தொண்டையில் மிளகு. நீ அனுப்புகிற டப்பா சாக்லேட்டைக் குறை சொல்வதாக நினைக்காதே, ஆனால் இது வேறு.

ஞாயிற்றுக்கிழமை சுதாகர் வந்தார், வழக்கம் போல வாசலில் உட்கார்ந்தார். அம்மா காப்பி போடப் போனாள். கதவு திறந்தது. சுசித்ரா தட்டோடு வெளியே வந்தாள். அவர் பதறி எழுந்துவிட்டார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். தட்டை நீட்டினாள், அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லப் போனார். "மெல்லாதீங்க, சும்மா வெச்சிருங்க, அதுவே கரையும்," என்றாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, துடைக்கவும் இல்லை. அது கரைந்து முடிந்ததும், இது நெசமாவே நம்ம மரத்துக் காயிலதான் செஞ்சதா சுசி என்று கேட்டார். ஆமாங்க, வாங்க காட்டறேன் என்று கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் வரவில்லை. அம்மா மேற்கொண்டு ஒரு ஆழாக்கு அரிசி களைந்து போட்டாள். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் முகமும் அழுது வீங்கியிருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்து எங்களிடம் சில விஷயங்கள் சொன்னார்கள். மாசி பிறந்ததும் சேந்தமங்கலத்துக்கே போய்விடுகிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைத் தேற்றுகிறவள், உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி டூட்டி முடித்து வந்தால் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு, வெறும் ரொட்டியோடு படுக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நீ நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, எந்த ஊரில் இருந்தாலும் மனசுக்குப் பிடித்த மனிதர்கள் சூழ இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அம்மா பக்கத்தில் நின்று தலையைத் தொட்டு ஆசீர்வாதம் சொன்னேன் என்று எழுதச் சொல்கிறாள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தங்கச்சியிடம் பேசும்போது குழந்தையைப் பற்றிக் கேட்காமல் தாண்டிப் போகாதே. கேட்டால் அவளுக்கு வலிக்காது, கேட்காமல் விடுவதுதான் வலிக்கிறது. அவனுக்கு நிறைய முடி இருந்ததாம், கால்விரல் சுதாகருக்கு இருப்பது மாதிரியே நீளமாம். அவர்கள் இரண்டு பேரும் அவனுக்கு ராஜதுரை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே கேள் கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ராஜதுரையின் தாத்தா,
குழந்தைவேலு.