அது தாய் இல்லையாம், மாமி

மாமி,

உங்கள் கறித்தூள் வாசனை நாலு நாளாகியும் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழமும் தேய்த்தாயிற்று. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாவற்றையும் நீங்கள் வறுக்கும் பதத்தில் வறுத்து, சனிக்கிழமை தேக்காச் சந்தை மில்லுக்குக் கொண்டுபோய் அரைக்கக் கொடுத்தேன். வறுக்கும்போது பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் தும்மிக்கொண்டே கதவைச் சாத்தினார். அப்படியென்றால் பதம் சரிதான்.

மில்லில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. செய்தி கொஞ்சம் பழசு, எனக்குத்தான் இப்போது வந்து சேர்ந்தது. நாம் டிவியில் பார்த்தோமே, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பேய் நகரம், ஞாபகம் இருக்கிறதா? சாம்பல் இறுகி, உடல்கள் மக்கி, உள்ளே ஆள் வடிவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குள் சுண்ணச்சாந்தை ஊற்றி ஒவ்வொருவரையும் வார்த்து எடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் கையில் கனமான தங்கக் காப்பு, மடியில் குழந்தை. தாயும் பிள்ளையும் என்று நிகழ்ச்சியில் சொன்னார்கள்.

நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். "தாயெண்டால் அப்பிடித்தான் தம்பி. சாகேக்கையும் விடமாட்டாள்." மகளைப் பறிகொடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்கள் மகள்தான் என் மனைவி. நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். ஒருவர் அழுதால் மற்றவர் அடுப்படிக்குப் போவது என்பது யாரும் பேசிவைக்காமலே நமக்குள் இருந்த ஏற்பாடு.

அது தாய் இல்லையாம், மாமி.

சாந்துக்குள் ஒட்டிக்கிடந்த எலும்புத் துணுக்குகளை எடுத்து டிஎன்ஏ பார்த்திருக்கிறார்கள். காப்புப் போட்டவர் ஆண். மடியில் இருந்த பிள்ளைக்கும் அவருக்கும் இரத்த உறவு கிடையாது. அவர் கருத்த முடியும் கருத்த மேனியுமாக இருந்திருக்கலாமாம். வேலைக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா, ஓடுகிற வழியில் பிள்ளையைக் கண்டு வாரிக்கொண்டவரா, யாருக்கும் தெரியாது. நாம் இவ்வளவு காலம் நம்பிய கதை இது இல்லை என்பது மட்டும்தான் தெரியும்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காப்பைப் பார்த்துப் பெண் என்று முடிவு கட்டியிருக்கிறார்களே! என் முன்னால் மிளகாய் கொட்டிக்கொண்டிருந்த மில்காரர் கையிலேயே கட்டைவிரல் தடிமனில் ஒரு காப்பு. இந்த மில் இருக்கிற சிராங்கூன் சாலையில் பத்து நிமிஷம் நின்றிருந்தால் அந்த ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். ஆனால் நாமும்தானே நம்பினோம்? மடியில் பிள்ளை என்றால் தாய் என்று மனசு தானாகவே எழுதிவிடுகிறது.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நம் மாடியில் தீப்பிடித்த நாள் நினைவுக்கு வந்தது.

மத்தியானம். இரண்டு வீடு தள்ளி யாரோ மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நடைபாதை முழுக்கக் கரும்புகை, லிஃப்டில் ஏறக்கூடாது, நாம் இருந்ததோ பன்னிரண்டாம் மாடி. உங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு படியில் இறங்கினேன். நானே முழங்கால் வலிக்காரன். "என்னை விட்டிட்டுப் போங்கோ தம்பி, நான் கிழவி" என்று காதுக்குள் ஒரே புலம்பல். "சும்மா இருங்க மாமி, மூச்சு வாங்குது" என்று கத்தினேன். வாழ்க்கையில் உங்களிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

கீழே, தீயணைக்க வந்த சிவில் டிஃபென்ஸ் மலாய்க்காரப் பையன் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டே கேட்டான். "அங்கிள், யுவர் மதர் ஆ?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நோ, நோ. நாட் மை சன். மை டாட்டர்ஸ் ஹஸ்பண்ட் லா."

இருமலுக்கு நடுவிலும் அந்தத் திருத்தம்! அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். எனக்கு வலித்தது, மாமி. இன்று சொல்வதற்கென்ன? கிளினிக்கில், தேக்காக் காய்கறிக்கடையில், கோயிலில், எங்கே யார் "மகனா?" என்று கேட்டாலும் நீங்கள் விட்டதில்லை. "மகன் இல்லை, மருமோன்." மகளே போய்விட்டாள், கிளமெண்டி வீட்டில் மிஞ்சியது நாம் இருவர். என் அண்ணன் வந்துவிடு என்றார், நான் போகவில்லை. உங்கள் தங்கை வந்துவிடு என்றார், நீங்களும் போகவில்லை. அப்படியிருந்தும் என்னை மகன் என்று ஒருதரம் சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். கேட்கவும் வெட்கம்.

நீங்கள் போனபிறகு அது இன்னும் உறைத்தது. எங்கள் பக்கத்துப் பழக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதிக்கு வாழையிலை, பூ, எள் எல்லாம் வாங்கி ஐயருக்கும் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை, சின்ன மாமி, தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ தம்பி, எங்கட ஆக்களுக்கு முப்பத்தொராம் நாள்தானே அந்தியேட்டி! இத்தினை வருஷம் அக்காவோட இருந்தும் இது தெரியாதோ?" கொள்ளியும் அந்தியேட்டியும் மெல்பேர்னிலிருந்து வந்த சின்ன மாமியின் மகன்தான் செய்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். நான் பின்வரிசையில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது உங்கள் ஆட்டத்திவசம், முதல் வருஷத் திதி, வந்தது. அவனுக்கு லீவு இல்லை. "அப்ப நான் செய்யட்டுமா?" என்று சின்ன மாமியிடம் போனில் கேட்டேன்.

"குறை நினையாதேங்கோ தம்பி. மகள் இருந்தால் மருமோன். மகளே போனபிறகு நீங்கள் எந்த முறையில செய்யிறது? என்ர மகன் அங்கயிருந்து வீடியோவில செய்வான். ஐயரிட்டயும் கதைச்சிட்டன்."

சரி என்று போனை வைத்துவிட்டேன். நீங்களே ஊரெல்லாம் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்? ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கடலைத் தாண்டி ஒரு போன் உங்களுக்குத் தண்ணீர் விடும், ஒரே வீட்டில் இருந்த நான் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நான் உங்களுக்கு யார் என்ற கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

மில்லில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று படியிலேயே புகை நம்மை மடக்கியிருந்தால், என்றைக்கோ தோண்டி எடுப்பவர்கள் முதலில் தாயும் மகனும் என்பார்கள். பிறகு டிஎன்ஏ பார்த்து, உறவே இல்லை என்பார்கள். இரண்டாவதாகச் சொல்வதுதான் உண்மை. அந்த உண்மை எனக்கு ஏன் இவ்வளவு கசக்கிறது என்று புரியவில்லை.

தூளை வாங்கிக்கொண்டு நேராகப் புக்கிட் பாத்தோக், சின்ன மாமி வீடு. திவசச் சமையல் அவர் பொறுப்பு. பொட்டலத்தைப் பிரித்து மணந்து பார்த்து, "அக்கான்ர பதம்தான்" என்றார். உட்காரச் சொன்னார். வேறு பேச்சு வராமல் பொம்பேய் கதையைச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"சொந்தமில்லை எண்டால், அந்தாள் ஏன் பிள்ளையைத் தூக்கினது?"

"தெரியாது சின்ன மாமி. அதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது."

போனை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அக்காவும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவ."

"எதை?"

"நெருப்புப் பிடிச்ச அண்டைக்குப் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தவ. எல்லாரும் மகனோ மகனோ எண்டு கேக்கினமாம். 'மகன் எண்டால் தூக்கத்தானே வேணும், அது கடமை. இவருக்கு என்ன தலையெழுத்து? மகள் போன அண்டைக்கே இவரும் என்னை விட்டிட்டுப் போயிருக்கலாம். மகன் எண்டு சொன்னால் அந்தாள் செய்தது சின்னதாப் போயிடும்' எண்டு சொல்லி அழுதவ."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாமி. அடுப்படிக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. அங்கேயே, அவர் முன்னாலேயே, விம்மி விம்மி அழுதேன். அறுபது வயது ஆம்பிளை. அவமானம் என்று நம்பிச் சுமந்த ஒன்று மரியாதை என்று தெரியவரும்போது மனிதன் என்ன செய்வான்?

சின்ன மாமி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "புதன்கிழமை காலமை வேட்டியோட வாங்கோ. மகனுக்கு நான் சொல்லுறன்."

இன்றுதான் புதன்கிழமை. ஐயர் இளவட்டம், புதிதாக வந்தவர். தர்ப்பையை முறுக்கிக்கொண்டே, "அம்மாவுக்குத்தானே?" என்று கேட்டார். சின்ன மாமி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"இல்லைங்க ஐயா. நான் மகன் இல்ல. மருமகன்."

"ஒங்க வைஃப் வந்திருக்காங்களா?"

"அவ முன்னாடியே போயிட்டா. அதுக்கப்புறமும் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம்."

ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டி, கையை நீட்டச் சொன்னார். உங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன், மாமி.