ஒரு கிலோ நூறு கிராம்

போடிநாயக்கனூர்
12.2.1981

அன்புள்ள மச்சானுக்கு, பாண்டியம்மாள் எழுதுவது.

எடைமேடை நேற்று மதுரையிலிருந்து வந்து இறங்கிவிட்டது. நாலு ஆள் பிடித்து இறக்கினார்கள். இருநூறு கிலோ வரை நிறுக்கும். ஒரு பொம்பளை சொந்தமாக எடைமேடை வைத்து ஏலக்காய் வாங்குகிற கடை இந்தத் தெருவில் நம்முடையது ஒன்றுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் குரங்கணியிலிருந்து அரைச் சாக்கு காயை பஸ்சில் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான் என்றால் ராக்கு நம்ப மாட்டேன் என்கிறாள். ஏழு வயதிலேயே உங்கள் மகளுக்கு அவ்வளவு வாய்.

பேப்பரில் உங்கள் படம் வந்தது. எதிர்க்கடை உக்கிரபாண்டி அண்ணன் கொண்டுவந்து விரித்தார். "ஏத்தா, ஒன் புருசன் இந்தியாவுலயே மொதலாவதா வந்துருக்கான்! போடிக்காரன் படகு விட்டு மெடல் வாங்குறதை எங்க போய்ச் சொல்ல? கொட்டகுடி ஆத்துல முழங்கால் தண்ணி கெடையாது!" என்று தெருவே கேட்கச் சிரித்தார். எனக்கும் பெருமைதான்.

ஆனால் படத்தில் உங்கள் கழுத்தைச் சுற்றி, உங்களோடு படகு விடுகிற சீனிச்சாமியின் கை இருக்கிறது. உங்கள் கை அவன் தோளில். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் சேர்ந்து எடுத்த படம் ஒன்றே ஒன்று. அதில் நீங்கள் பட்டாளத்துப் பரேடில் நிற்கிறது மாதிரி நிற்கிறீர்கள். இதில் பல் அத்தனையும் தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

இப்படிக்கு
பாண்டியம்மாள்


பெங்களூர்
3.3.1981

அன்புள்ள பாண்டிக்கு,

நானும் சீனியும் இங்கே சுகம். எடைமேடை வாங்கியதில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். எங்கள் படகு குறைந்த எடைக்காரர்களுக்கானது. ஓர் ஆள் எழுபத்திரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டி அன்று காலையில் தராசில் ஏற்றுவார்கள். கூடினால் படகில் ஏற விடமாட்டார்கள், அழுதாலும் நடக்காது. என் உடம்பைச் சும்மா விட்டால் எழுபத்தாறுக்குப் போகும். அதனால்தான் லீவில் வந்தால் உன் சாப்பாட்டைப் பார்த்தே பயப்படுகிறேன். இனிமேல் வீட்டிலேயே தினம் எடை பார்த்துக்கொள்ளலாம்.

சீனி சொல்கிறான்: "மதினி தராசுன்னா கண்ண மூடிட்டு ஏறலாம்ண்ணே." அவனை முறைக்காதே. கூடலூர்க்காரன், நம் பக்கத்து ஆள். இந்த ஊரில் எனக்கு நம் பேச்சுப் பேச அவன்தான் இருக்கிறான்.

உன் காசிமாயன்


போடிநாயக்கனூர்
25.6.1984

அன்புள்ள மச்சானுக்கு,

பெங்களூரிலிருந்து நானும் ராக்குவும் வந்து சேர்ந்தோம். வந்த அன்றே கடை திறந்துவிட்டேன்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். அன்றைக்குக் காலையில் ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். படகில் சீனிச்சாமி முன்னால், அவன் முதுகைப் பார்த்தபடி நீங்கள் பின்னால். அவன் குனிந்தால் நீங்கள் குனிகிறீர்கள். அவன் நிமிர்ந்தால் நிமிர்கிறீர்கள். நாலு துடுப்பும் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்குகிறது. மூச்சுகூட ஒன்றாகத்தான் விட்டீர்கள். "அதுல எதும்மா அப்பா?" என்று ராக்கு கேட்டாள். எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை மச்சான்.

கரைக்கு வந்ததும் அவன் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை உங்கள் வாயில் வைத்தான். வாங்கிக்கொண்டீர்கள். நான் போடியிலிருந்து தூக்குவாளியில் கட்டிக்கொண்டு வந்த கோழி வறுவலை, "எடை ஏறும்டி" என்று மெஸ்ஸில் யாருக்கோ கொடுத்தீர்கள்.

நான் வியாபாரி, வளைத்துப் பேசத் தெரியாது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேறொரு பொம்பளை என்றால் போய் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இது மதினி மதினி என்று கூப்பிடுகிறவன். யாரிடம் போய்ச் சொல்ல? பத்து வருஷமாக அவன் முதுகைப் பார்க்கிறீர்கள். அதில் பாதி நாள் என் முகத்தைப் பார்த்திருப்பீர்களா? எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

பாண்டியம்மாள்


பெங்களூர்
14.7.1984

அன்புள்ள பாண்டிக்கு,

உன் கடிதத்தைச் சீனிக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "மதினிக்கு நான் சக்களத்தியாண்ணே?" என்று முகாம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நீ எழுதுகிற எழுத்துக்கு அங்கே கடையில் இருக்க வேண்டியவள் இல்லை.

இனி முக்கியமான சேதி. ஜனவரி இருபதாம் தேதி ஹைதராபாத்தில் வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்கு முப்பத்திநாலு வயது, இதற்குமேல் கூப்பிட மாட்டார்கள். எடுத்துவிட்டால் சர்வீஸ் இரண்டு வருஷம் நீளும், பென்ஷனும் அவ்வளவு தள்ளிப்போகும். நீ இத்தனை வருஷம் பொறுத்தாய், இதையும் பொறு.

டிசம்பர் கடைசியில் இருபது நாள் லீவு போட்டிருக்கிறேன். பொங்கல் முடித்து நேரே ஹைதராபாத் போய்விடுவேன். போட்டி நெருங்கும்போது ஊருக்குப் போகாதே என்றுதான் கோச் சொன்னார். வீட்டில் தராசு இருக்கிற தைரியத்தில்தான் கேட்டு வாங்கினேன்.

உன் காசிமாயன்


பெங்களூர்
10.2.1985

பாண்டிக்கு,

எழுத மனசில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ரயில் தாமதம். இருபதாம் தேதி விடிந்துதான் இறங்கினேன், நேரே தராசுக்குப் போனேன். எழுபத்துமூன்று அறுநூறு. ஒரு கிலோ நூறு கிராம் கூடுதல். நம் வீட்டில் கிளம்புகிற அன்று சரியாக எழுபத்திரண்டரை இருந்தேன், ராக்கு சுவரில் எழுதினாளே. ரயிலில் அளவாகத்தான் சாப்பிட்டேன், தண்ணீர்கூட அளந்துதான் குடித்தேன். எப்படி ஏறியது என்று தெரியவில்லை. இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடினேன். எண்ணூறு கிராம் இறங்கியது. முந்நூறு நின்றுவிட்டது. நேரம் முடிந்துவிட்டது.

என் இடத்தில் ஒரு மெட்ராஸ் பையனை உட்கார வைத்தார்கள். ஜெயித்தார்கள். நான் கரையில் நின்றேன்.

சீனி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "பொண்டாட்டி கையால தின்னுட்டு வந்துட்டீகளேண்ணே." அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நானும் போகவில்லை. என்னத்தைச் சொல்ல? பதினாலு வருஷம் எனக்குக் கீழ்ப்படிந்த உடம்பு கடைசி நாளில் ஏமாற்றிவிட்டது. இப்போது படகுக் கொட்டடியில் துடுப்புக்கு வார்னிஷ் அடிக்கிற வேலை பார்க்கிறேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காசிமாயன்


போடிநாயக்கனூர்
6.4.1985

மச்சானுக்கு,

தராசைத் திருகியது நான்.

ஆறுதல் சொல்லி மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எடைக்கோலின் முனையில் ஒரு திருகு உண்டு. நீங்கள் லீவில் வந்து இறங்கிய அன்று காலையில் அதைத் திருகினேன். படிக்கல் வைத்துப் பார்த்துத்தான் செய்தேன். குத்துமதிப்பாக எதையும் செய்கிறவள் இல்லை. ஒரு கிலோ நூறு கிராம் குறைத்துக் காட்டியது. அந்த இருபது நாளும் அதில் யார் காயையும் ஏற்றவில்லை. பழைய தொங்கு தராசை எடுத்து நிறுத்தேன். மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு ஒரு கிராம் குறையக் கூடாது அல்லவா! நீங்கள்கூடக் கேட்டீர்கள், "இம்புட்டுப் பெரிய தராச வச்சிக்கிட்டு எதுக்குடி இந்தச் சோலி?" என்று. "அது ஒங்களுக்குன்னு ஒதுக்கியாச்சு" என்றேன். சிரித்தீர்கள்.

ஊருக்கெல்லாம் நேராக நிறுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் கள்ள எடை போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது என்பதற்காக என்று சொன்னால் பாதி உண்மை. என் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினீர்கள், அவன் சிரித்தான், முகாமே சிரித்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அந்தப் படகில் உங்களை இனி ஏற விடக் கூடாது என்று.

இன்னொன்றும் உண்டு. தினமும் குரங்கணி ரோட்டில் ஓடிவிட்டு வந்து தராசில் ஏறுவீர்கள். "ராக்கு, எழுத்தா!" என்பீர்கள். அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து, "இன்னொரு கரண்டி போடு" என்பீர்கள். கல்யாணமானதிலிருந்து அப்படிக் கேட்டதே இல்லை. நான் போட்டேன். அந்த இருபது நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

நீங்கள் போனதும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். நேற்று முத்திரை போடுகிற அதிகாரி வந்தார். கல் வைத்து நாலு தடவை பார்த்தார். "ஏத்தா, இம்புட்டு நேரான தராச நான் போடியில பாக்கலத்தா" என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ராக்கு கரிக்கட்டியால் எழுதிய உங்கள் எடைகள். இருபது எண்ணும் பொய். அவர் போனபிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை.

உங்கள் உடம்பு உங்களை ஏமாற்றவில்லை. இந்தக் கடிதத்தையும் சீனிச்சாமிக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மேல் தப்பில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரியவில்லை. நட்டம் உங்களுக்கு, என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பாண்டியம்மாள்


பெங்களூர்
11.11.1985

பாண்டிக்கு,

ஏழு மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் எழுதக் கூடாததை எழுதியிருப்பேன். அதற்கப்புறம் நீ அனுப்பிய நாலு கடிதத்தையும் பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.

சீனி வெளிநாடு போய்விட்டு வந்தான். ஆறாவதாக வந்தார்கள். தராசைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். படித்தான், மடித்தான், திருப்பிக் கொடுத்தான். சிரிக்கவில்லை. "அண்ணே, மதினியோட அந்த மொத லெட்டர நீங்க எனக்குப் படிச்சுக் காட்டிருக்கக் கூடாதுண்ணே. நானும் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை பாண்டி. அதற்காக நீ செய்தது சரி என்று ஆகாது. அந்த ஒரு போட்டிக்காகத்தான் பதினாலு வருஷம் பட்டினி கிடந்தேன். அதை நீ எடுத்துக்கொண்டாய். செத்தாலும் எனக்கு அது ஆறாது.

எங்கே போகிறது என்று யோசித்தேன். இங்கே வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்கிறார்கள். மார்ச் முப்பத்தொன்றில் சர்வீஸ் முடிகிறது. ஊருக்கு வருவதானால் சொல்கிறேன், கேள்.

நம் கடையில் எடை போடுகிறது இனி நான். எடைமேடைப் பக்கம் உன் கை வரக் கூடாது. ராக்கு எழுதியது சுவரில் அப்படியே இருக்க வேண்டும், வெள்ளை அடிக்கக் கூடாது. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சீனி பத்து நாள் நம் வீட்டில் வந்து இருப்பான். நீ கையால் பரிமாற வேண்டும், முகத்தைத் தூக்கக் கூடாது.

சம்மதம் என்றால் எழுது.

காசிமாயன்


போடிநாயக்கனூர்
18.11.1985

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. கடையை அடைத்துவிட்டுப் படித்தேன்.

எடை நீங்கள் போடுங்கள். நான் தொட மாட்டேன். ராக்கு தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டாம், என் வாய் வார்த்தைக்கு இந்தத் தெருவில் இன்னும் மதிப்பு இருக்கிறது. உங்களிடம்தான் இல்லை, அதைச் சம்பாதித்துக்கொள்கிறேன். சுவருக்கு வெள்ளை அடிக்க மாட்டேன். தினமும் அதற்கு எதிரில்தான் உட்காருகிறேன்.

சீனிச்சாமிக்குப் பத்து நாள். பரிமாறுகிறேன், கோழி அடித்தே போடுகிறேன். முகத்தைப் பற்றி மட்டும் முழு உறுதி கொடுக்க முடியாது. அவன் உங்கள் தோளில் கை போட்டால் இப்பவும் எனக்கு வயிறு எரியும், அது அப்படித்தான். ஆனால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறேன், அவன் முன்னால் காட்ட மாட்டேன். பதினொன்றாம் நாள் காலையில் கூடலூர் பஸ்சில் நானே ஏற்றிவிடுவேன்.

என் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். வந்து இறங்கிய வாரத்தில் ஸ்டுடியோவுக்கு வர வேண்டும். நீங்கள், நான், ராக்கு. உங்கள் பல் தெரிய வேண்டும். உடனே முடியாது என்றால் முடிகிற வரைக்கும் காத்திருக்கிறேன்.

ஆக, பேசி முடித்தது இதுதான்: ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எடைமேடை உங்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. மூன்று வேளைச் சோறு, நான் போடுகிற அளவு.

பாண்டியம்மாள்