பூலியின் மூன்று விரல்கள்

அனுப்புநர்:
கௌரா பிஷ்னோய், ஆசிரியை,
தொடக்கப்பள்ளி, ஜாம்பாணி கிராமம்,
ஜோத்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஜோத்பூர்.

பொருள்: பள்ளிக்குள் கோடரியுடன் புகுந்து மாணவியின் விரல்களை வெட்டியவர் மீது வழக்குப் பதியவும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளியின் இருபத்துமூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு வன்னிக்கன்று நட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் தத்தம் கன்றுக்குக் கடிதம் எழுதி, அருகில் நட்ட குச்சியில் கட்டுவார்கள். இந்த ஏற்பாடு என்னுடையது. ஆகவே நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

2. ஜூலை 12 அன்று நான்காம் வகுப்பு மாணவி பூலி (வயது 9) தன் கன்றுக்கு எழுதியது: "பயப்படாத. குளத்தங்கரைப் பெரிய வன்னிய வெட்டுனது சூளைக்காரத் தேஜாராம் மாமாதான். நான் பாத்தேன். உங்கிட்ட வந்தா என்னைக் கூப்பிடு." படித்துவிட்டு 'நன்று' என்று எழுதி நானே கட்டினேன். ஊரே அதைப் படிக்கும் என்ற புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

3. ஜூலை 14 காலை பத்தரை மணிக்குத் தேஜாராம் இரண்டு ஆட்களுடன் வந்து பதினொரு கன்றுகளை வெட்டிச் சாய்த்தார். தடுத்த என்னைக் கோடரிக் காம்பால் அடித்ததில் தோள் எலும்பு முறிந்தது. "மரத்துக்கு லெட்டரா போடுறீங்க? அதையே வந்து சாட்சி சொல்லச் சொல்லு" என்றார்.

4. வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது, வன்னிக்காக உயிர் கொடுத்த பிஷ்னோய் வழியில் வந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பால்குடி வயதிலேயே தெரியும். பெரிய மரத்தை நின்றபடி கட்டிக்கொள்ளலாம். பூலியின் கன்று முழங்கால் உயரம். அவள் மண்ணில் படுத்து, இரு கைகளாலும் அதைச் சுற்றிக்கொண்டாள். தேஜாராம் அதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் ஓங்கினார். அவள் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. என் முக்காட்டுத் துணியில் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவளோடு மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவர்களால் ஒட்டவைக்க முடியவில்லை. கன்று பிழைத்தது.

5. உள்ளூர்க் காவலர்கள் "குழந்தை தானாகக் குறுக்கே வந்தது" என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. "டீச்சரம்மா, புள்ளைங்களுக்குக் கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்" என்று அறிவுரை கிடைத்தது. தேஜாராமோ தன் சூளை வாசலில் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

6. கடந்த சனிக்கிழமை, இனிக் கடிதம் வேண்டாம் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. இருபத்துமூன்று பேரும் ஒரே கடிதத்தை எழுதினார்கள்: "வெட்டுனது தேஜாராம். நான் பாத்தேன்." கீழே அவரவர் பெயர், தகப்பன் பெயர். பூலி இடக்கையால் எழுதினாள். மிஞ்சிய பன்னிரண்டு கன்றுகளின் குச்சிகளிலும் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். நான் அவிழ்க்கப் போனபோது பூலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

7. வியாழக்கிழமை காலை வருவதாகத் தேஜாராம் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, அதற்கு முன் அவர் மீது வழக்குப் பதிந்து, பள்ளிக்குக் காவல் அனுப்புமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். காவல் வராவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு கன்றுகளும் இன்னும் முழங்கால் உயரம்தான், ஐயா.

இணைப்பு: கடித நகல்கள் – 24.

இடம்: ஜாம்பாணி
நாள்: 04.08.2025

இப்படிக்கு,
கௌரா பிஷ்னோய்