நான் அடித்த பெயர்கள்

அன்புள்ள வாத்தியாருக்கு,

இன்று காலை கடைத்தெருவில் பொரி வறுக்கும் மணம் வந்தது. பண்டிகை எதுவும் அருகில் இல்லை. யார் வீட்டுக் கல்யாணமோ என்னவோ. வாங்கப் போன எண்ணெயை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் குடியாத்தத்தில் காலமானதாகச் செய்தி வந்து நாற்பது நாள் ஆகிறது. அதுவரை வராத அழுகை பொரி மணத்துக்கு வந்தது. இதை எழுதலாமா என்று அப்போதிருந்து யோசித்து, மாலையில்தான் பேனாவை எடுத்தேன். எதையும் நான் உடனே செய்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறையத் தொடங்கிய வருஷம், விஜயதசமிக்கு ஒரு மூட்டைப் பொரியும் வெல்லமும் வாங்கினீர்கள். தமுக்கு அடிப்பவனைக் கூட்டிக்கொண்டு, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் லைன் லைனாக, தட்டி வீடுகளுக்கு நடுவே நடந்தீர்கள். நான் ஆஜர்ப் புத்தகத்தையும் மைக்கூட்டையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். அன்று பள்ளிக்கூடக் கொட்டகை கொள்ளாத கூட்டம். மூன்றாம் நாள் மூட்டை காலியாயிற்று, பெஞ்சுகளும் காலியாயின. "பொரி பாஸாயிடுச்சு பெரியவரே, நாமதான் ஃபெயிலு" என்று சிரித்தீர்கள். உங்களைவிடப் பத்து வயது மூத்தவன் நான். லைன் ஜனங்களுக்கு நீங்கள் பெரிய வாத்தியார், நான் சின்ன வாத்தியார். அதை ஈடுகட்டத்தான் என்னைப் பெரியவரே என்று அழைத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

பொரி போனபின் வேறு வழிகளைத் தேடினீர்கள். அப்பனுக்குச் சோறு கொண்டுபோகிற பிள்ளைகள் ஷிப்டு மாறும் நேரத்தில் வரமுடியாது என்று கண்டுபிடித்து, சுரங்கத்துச் சங்கு ஊதி ஒரு நாழிகை கழித்துப் பள்ளிக்கூட மணியை அடிக்கச் சொன்னீர்கள். கொஞ்சம் பேர் வந்தார்கள். பிறகு அவர்களும் நின்றார்கள். வீட்டில் போய்க் கேட்டால் எல்லோரும் மரியாதையாக, "அனுப்பறோம் வாத்தியாரே" என்றார்கள். யாரும் அனுப்பவில்லை.

அப்போதுதான் மேலிடத்துக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வருவார். முப்பது பிள்ளைகளாவது இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். இந்த வேலையை நம்பி மனைவியையும் இரண்டு பெண்களையும் ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தீர்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வரிசை நீங்கள், ஒரு வரிசை நான் என்று மறுபடியும் வீடு வீடாகப் போகலாம் என்றீர்கள்.

என் வரிசையில் ஒவ்வொரு வாசலிலும் தொண்டையைக் கனைத்துவிட்டு, வீட்டில் யாரும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். கன்னியம்மா இருந்தாள். பானை தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மகன் முனுசாமி நன்றாகப் படித்த பையன்.

"இன்னா சின்ன வாத்தியாரே, பேரையும் அடிச்சுட்டு, ஊட்டாண்ட வந்து கூப்புடறீங்க?"

ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் விதைப்பையும் முடித்துவிட்டுத்தான் திரும்பும். பதினைந்து நாள் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடிக்கவேண்டும் என்பது விதி. நான் கோடு வளையாமல், அளவுகோல் வைத்து அடிப்பேன். திரும்பி வந்த பிள்ளை 'உள்ளேன் ஐயா' சொல்லக் காத்திருக்கும். பெயர் வராது. அப்பனைக் கூட்டிவந்து கைநாட்டு வைத்தால் மறுபடி எழுதுவேன் என்று அனுப்பிவிடுவேன். அதைத்தான் கன்னியம்மாவிடமும் சொன்னேன்.

"சொரங்கத்து டயம் ஆபீஸ்ல செவப்பு மையால பேரை அடிச்சா, அந்த ஆளு திரும்ப கேட்டாண்ட நிக்கக்கூடாது. எங்க ஊட்டுக்காரரு ஒருவாட்டி நின்னு, கழுத்தப் புடிச்சுத் தள்ளினாங்க. எம்புள்ளையும் அப்படி நிக்கணுமா? இந்த லைன்ல யாரை வேணா கேளுங்க, இதான் சொல்வாங்க."

பெரிய வாத்தியாரிடம் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவரு நல்ல மனுசன். புள்ளைய தள்ளச் சொன்னது நீங்கதானேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா எப்படி சொல்றது?"

லைன் முனையில் நீங்கள் எனக்காக நின்றிருந்தீர்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். அனுப்புகிறோம் என்கிறார்கள் என்றேன்.

செய்யவேண்டியது எளிது. உங்களிடம் சொல்லி, இருவருமாக ஒவ்வொரு வாசலுக்கும் போய், அது வெறும் விதி, உங்கள் பிள்ளையை யாரும் தள்ளவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். நான் செய்தது வேறு. மூன்று நாள் உட்கார்ந்து புதிய ஆஜர்ப் புத்தகம் ஒன்றை எழுதினேன். அடித்த பெயர்களை எல்லாம், ஒரு கோடும் இல்லாமல், மறுபடி சேர்த்தேன். பெயர் திரும்பினால் பிள்ளைகளும் திரும்பிவிடுவார்கள் என்று உண்மையாகவே நம்பினேனா, அல்லது என் கோடுகளை மறைத்தேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். புத்தகத்தில் நாற்பது பெயர், பெஞ்சில் பதினெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பதில் வராத பெயர்களுக்கு நேரே விரலை வைத்தபடி, "இந்தப் பொய்க் கணக்கை எழுதினது யாரு?" என்றார். நீங்கள் புத்தகத்தைப் பார்த்தீர்கள். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா? சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"என் பள்ளிக்கூடம் சார். நான்தான் பொறுப்பு."

பள்ளிக்கூடம் மூடப்பட்டது. எனக்கு இங்கேயே வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பொய்க் கணக்கு எழுதியவர் என்ற பேச்சோடு உங்களுக்கு எங்கும் கிடைக்கவில்லை. மாரிகுப்பத்தில் ரயில் ஏறும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னீர்கள்: "எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும் பெரியவரே." திட்டியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நன்றி சொன்னீர்கள். தலையை ஆட்டினேன். வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு உங்களுக்கு நான்கு கடிதம் எழுதினேன், நான்கிலும் உடல்நலம் விசாரித்தேன்.

போன வாரம் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். முடி நரைத்திருக்கிறது, குரல் மாறவில்லை. பெயர்களை நானாகத்தான் அடித்தேன், பெரிய வாத்தியாருக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். முனுசாமி முதல் ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கியிருக்கிறானாம். "இத சொல்லவா இத்தினி வருசம்?" என்று கேட்டுவிட்டு, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "அவனுக்கு ஒரு புள்ள இருக்குது. பெரிய வாத்தியாரு ஸ்கூலு இப்ப வேற எங்கனா நடக்குதா?" என்றாள்.

அந்தக் கொட்டகையில் இப்போது சுரங்கத்துக்கான மரம் அடுக்கியிருக்கிறார்கள். வேறெங்கும் நடக்கவில்லை என்பதையும், நீங்கள் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடித்த பெயர்கள் இருபத்திரண்டும் எனக்கு வரிசையாக மனப்பாடம். அதில் பதினொரு குடும்பங்கள் இன்னும் இந்தத் தங்கவயலில் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குப் போய்விட்டேன், பத்து மீதம். தனியாகத்தான் நடக்கவேண்டியிருக்கிறது. வாசலில் சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறேன்: உங்கள் பிள்ளையைப் பெரிய வாத்தியார் தள்ளவில்லை, நான்தான் தள்ளினேன். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இதை முதலில் கேட்டிருக்கவேண்டியவர் நீங்கள்.