போலீஸ்காரன் வீட்டில் கஞ்சாச் செடி

அக்டோபர் 14

போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். காலையில் என் கணவன் ட்ரெவரின் இடது கால் மறுபடி இழுத்துக்கொண்டது. காபிக் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. துடைக்கக் குனிந்தேன். "விடு கிளெனிஸ், நான் இன்னும் சாகல!" என்று கத்தினான். சற்று நேரம் கழித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மன்னிப்பும் கேட்டான்.

மருந்துக்கடைக் கஞ்சா எண்ணெய் அவனுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் ஓய்வூதியத்தில் அதைத் தொடர்ந்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மாத்திரையோ பகலெல்லாம் அவனைக் கட்டையாகப் போட்டுவிடுகிறது. இங்கே கான்பராவில் ஆளுக்கு இரண்டு செடி வீட்டிலேயே வளர்க்கலாம். சட்டமே அனுமதிக்கிறது.

ஆனால் நானா? புதினாவைக்கூடச் சாகடித்தவள் நான்.

அக்டோபர் 21

ட்ரெவரிடம் சொல்லிவிட்டேன். நினைத்ததைவிட மோசமாகப் போனது.

"இருபத்தாறு வருஷம் போலீஸ்ல இருந்து இதைத்தான் பிடுங்கிப் போட்டேன். இப்ப என் வீட்டுக் கொல்லையிலயே நடப்போறியா?"

"பாட்டில்ல வந்தா மருந்து, மண்ணுல முளைச்சா குத்தமா?"

"வாரன் வந்தா என்ன சொல்லுவ?"

வாரன் அவனோடு ஒரே ரோந்து வண்டியில் சுற்றியவன். இந்தக் கால் வலிக்குக் காரணமான லாரி மோதிய அன்று ட்ரெவரை வண்டிக்குள்ளிருந்து இழுத்துப் போட்டதும் அவன்தான். இன்னும் வேலையில் இருக்கிறான்.

"டீ குடிக்கிறியான்னு கேப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தன் அறை! தூக்கத்தில் கால் உதைத்து எனக்கு அடிபடுகிறது என்று, என்னை அடுத்த அறைக்கு அனுப்பியதும் அவன்தான். அதற்குப் பிறகு யார் நன்றாகத் தூங்கினோம்? சுவரின் அந்தப் பக்கம் அவன் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும். நான் விழித்திருப்பது அவனுக்கும் தெரியும்.

அக்டோபர் 22

நடத்தான் போகிறேன்.

நவம்பர் 9

மெல்பர்ன் குதிரைப் பந்தயம் முடிந்துவிட்டது. இனி உறைபனி விழாது என்று தெருவே தக்காளி நடுகிறது. நானும் நட்டேன். தக்காளி ஒரு வரிசை, அதற்குப் பின்னால், ஜன்னலோரம் முளைக்க வைத்திருந்த அந்த இரண்டும். விதை எப்படி வந்தது என்று இங்கே எழுதமாட்டேன். போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு அந்தப் புத்தியாவது வேண்டாமா?

பக்கவாட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று.

நவம்பர் 17

ஒரு செடியின் தலையை, ராத்திரியில் மரத்திலிருந்து இறங்கி மேயும் போசம் விலங்கு கடித்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். ஒரு செடிக்காக! பிறகு வலை வாங்கிவந்து சுற்றிலும் கம்பி நட்டுக் கட்டினேன். பக்கத்து வீட்டு நைரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, தக்காளிக்கு ஜெயில் கட்டுறியா?"

"தப்பிச்சு ஓடிரக் கூடாதே."

"போலீஸ் பொண்டாட்டின்னா சும்மாவா!"

அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லமாட்டாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 28

கொளுத்துகிறது. கடிபட்ட செடி ஒரு தலை போன இடத்தில் இரண்டு தலை விட்டிருக்கிறது.

விடிந்ததும் தண்ணீர் ஊற்றப் போனால் மண் ஏற்கனவே ஈரமாக இருந்தது. புல்லில் ட்ரெவரின் நடை வண்டிச் சக்கரத் தடம். நிறைத்த வாளியைத் தக்காளிக்கு ஊற்றினேன்.

ஜனவரி 23

உயரமான செடியில் கணுவுக்குக் கணு சின்னச் சின்ன மொட்டு. பூத்துவிட்டது! உள்ளே ஓடிப்போய், "வந்து பாரேன்!" என்றேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். மூச்சு வாங்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு, வலை வரைக்கும் வந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தான்.

"இது ஆண்."

"அப்படின்னா?"

"மருந்துக்கு ஆகாது. பந்து பந்தாத் தொங்குது பாரு. இது வெடிச்சா பக்கத்துல இருக்கறதும் விதையாப் போயிடும். இன்னைக்கே பிடுங்கு."

"இவ்வளவு வளர்த்த பிறகா?"

"அழாத கிளென். தள்ளு, நான் பிடுங்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தோட்ட வேலை அதுதான்."

ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தான். வேரோடு வந்தது. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவனும். அவன் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

மீதி ஒன்றுதான். போசம் கடித்தது.

பிப்ரவரி 24

வாரன் வந்தான், சொல்லாமல் கொள்ளாமல். வீட்டுக்குள் புழுக்கம் என்று நேராகக் கொல்லைப் பக்க நாற்காலிக்கே போய்விட்டான். அங்கே வாசனை ஊரைக் கூட்டுகிறது. ட்ரெவரின் முகம் சிவந்து கழுத்து வரை இறங்கியது. "டீ குடிக்கிறியா?" என்றேன் நான்.

வாரன் இழுத்து ஒரு மூச்சு விட்டான்.

"தக்காளி நல்லா வந்திருக்கு போல."

ட்ரெவரின் பக்கம் திரும்பினான்.

"எத்தனை வச்சிருக்க?"

"ஒண்ணு," என்றான் ட்ரெவர், கோர்ட்டில் நிற்பவன்போல. "காலுக்கு. டாக்டருக்குத் தெரியும்."

"ஆளுக்கு ரெண்டு வைக்கலாமேடா. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நாலு. அதுலயும் கஞ்சத்தனமா?" பிறகு தணிந்த குரலில், "அன்னைக்கு ரோட்டுல நீ போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு ட்ரெவ். வலிக்கு எது கேக்குதோ, அதைச் சாப்பிடு."

போகும்போது ஒரு பை தக்காளி கொடுத்தேன். நிஜத் தக்காளி.

மார்ச் 30

மூன்றாம் நாளாக மழை. பூ அழுகிவிடுமோ? குடை கட்டியிருக்கிறேன். நைரி தன் கடற்கரைக் குடையையும் கொடுத்தாள். செடிக்கு இரண்டு குடை. துணி எடுக்கப் போய் நான்தான் நனைந்தேன்.

ஏப்ரல் 7

வெட்டினோம். அடியில் ஒரு பூங்கொத்து மட்டும் சாம்பல் பூத்திருந்தது. அதை எறிந்துவிட்டோம். மற்றதெல்லாம் சுத்தம். கராஜில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்குகிறது. ட்ரெவர் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறான்.

ஏப்ரல் 28

காய்ந்ததை வாட்டி எண்ணெயில் இறக்கியாயிற்று. டாக்டர் ஃபென்விக் கண்டித்துச் சொல்லிவிட்டாள்: "வீட்டுல செஞ்சதுல வீரியம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. துளியில ஆரம்பிங்க. பழைய மாத்திரைய நான் சொல்ற வேகத்துலதான் குறைக்கணும். ஸ்டியரிங் பக்கம் போகவே கூடாது."

முதல் துளிக்கு ஒன்றும் தெரியவில்லை. "உன் புதினா மாதிரிதான் இதுவும்," என்றான். பயமாக இருக்கிறது. இவ்வளவும் வீணா?

மே 3

அளவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னாள் டாக்டர். கால் இழுக்கிறது, ஆனால் விட்டுவிடுகிறது. முன்பு விடாது.

மே 11

காலைச் சாப்பாட்டில் ட்ரெவர் முறைத்துக்கொண்டே ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான்.

"என்ன?" என்றேன்.

"நீ எப்பலேருந்து இப்படிக் குறட்டை விடுற? காலையில நானா முழிச்சு, உன் பக்கத்துல சும்மா படுத்துக் கேட்டுட்டிருந்தேன். லாரி தோத்தது."

"வேணும்னா பழையபடி அடுத்த ரூமுக்கே போயிடறேன்."

"உன்னைப் போகச் சொன்னேனா?" என்றவன், வெண்ணெய் தடவிய ரொட்டியை என் தட்டில் வைத்தான்.